சுவரிலிருந்து உள்ளங்கைக்கு: படிக்கும் தூரமும் மூக்குக்கண்ணாடியும்

மூக்குக்கண்ணாடி லென்ஸ் எதுவானாலும், அதை வடிவமைத்தவர் மனதில் ஒரு தூரம் இருந்திருக்கும். பார்க்கப்படும் பொருள் கண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கும், நேர் எதிரே இருக்குமா மடியில் இருக்குமா, அதைப் பார்க்கத் தலை தாழுமா விழி மட்டும் தாழுமா என்ற ஊகங்களை வைத்துத்தான் லென்ஸின் வளைவு முடிவாகிறது. ஊகம் தவறினால், பவர் சரியாக இருந்தும் கண்ணாடி முழுப் பயன் தராது. செல்போன் வந்த பிறகு பலருக்கும் இந்தச் சிக்கல்தான் ஏற்பட்டிருக்கிறது. மேசைப் புத்தகத்துக்காகப் பல பத்தாண்டுகளாகச் செதுக்கப்பட்ட லென்ஸ் வழியாக அவர்கள் உள்ளங்கைத் திரையைப் பார்க்கிறார்கள்.

படிக்கும் தூரம் காலந்தோறும் எப்படி மாறியது என்பதை ஒரே வட்டாரத்தில் பார்க்க வேண்டுமானால் மணிமங்கலத்தைச் சொல்லலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில், தாம்பரத்துக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைகளை ஒட்டியிருக்கும் ஊர் இது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு மணிமங்கலத்தைக் குறிக்கிறது. ஊர்க் கோயில் சுவர்களில் முதலாம் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைப் படியெடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதியில் 1899-ல் கல்வெட்டு ஆய்வாளர் ஹூல்ட்ஷ் பதிப்பித்தார்.

சுவர்க் கல்வெட்டைப் படிப்பவர் நின்றுகொண்டு படிப்பார். எழுத்து செங்குத்தாக, முகத்துக்கு நேரே, 60, 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். வெட்டிய எழுத்து பெரியது. சரியாகத் தெரியாவிட்டால் ஓரடி பின்வாங்கலாம். அந்தத் தூரத்தில் எழுத்தைக் குவித்துக் காட்ட, தூரப்பார்வை சரியாக உள்ள கண் கூடுதலாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றரை டயாப்டர் (குவிக்கும் திறனின் அலகு) அளவே. ஐம்பது வயதுக் கண்ணாலும் அது முடியும்.

ஓலைச்சுவடி அப்படியல்ல. ஓலையின் அகலம் மூன்று, நான்கு சென்டிமீட்டர். அதற்குள் எழுத்தாணியால் நெருக்கிக் கீறிய பல வரிகள். கீறல் வெறுமனே இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. விளக்குக் கரியோ இலைச்சாறோ தடவித் துடைத்த பிறகுதான் எழுத்து கறுத்துத் தெரியும். படிப்பவர் சுவடியை இரு கையாலும் பிடித்து, வெளிச்சம் விழும் பக்கம் சாய்த்து, முகத்திலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் வைத்துக்கொள்வார். 30 சென்டிமீட்டர் என்றால் கண் 3.3 டயாப்டர் வேலை செய்ய வேண்டும். நாற்பதைத் தாண்டியவருக்கு அங்கேதான் சிரமம் தொடங்குகிறது. விழிக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகி, வளையும் தன்மையை இழப்பதால் வருவது வெள்ளெழுத்து. சாளேசுரம் என்றும் சொல்வார்கள். சராசரிக் கணக்கில் 20 வயதுக் கண்ணுக்கு 12 டயாப்டர் வரை குவிக்கும் திறன் உண்டு. 40 வயதில் அது 6.5 ஆகவும், 50 வயதில் 3.5 ஆகவும் குறைகிறது. இருக்கும் திறன் முழுவதையும் ஓயாமல் செலவிட்டால் கண் வலிக்கும். பாதியைக் கையிருப்பாக விட்டால்தான் மணிக்கணக்கில் படிக்க முடியும். மாணாக்கர் ஏட்டைப் படிக்க ஆசிரியர் கேட்டுப் பொருள் சொல்லும் பழைய பாடமுறை, வெள்ளெழுத்து வந்த புலவருக்குக் கைகொடுத்திருக்கவும் வேண்டும்.

இத்தாலியில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூக்குக்கண்ணாடி தோன்றிவிட்டது. தென்னிந்தியாவில் அதற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று விஜயநகரக் காலத்தது. கிருஷ்ணதேவராயர் அவையில் மதிக்கப்பட்ட மத்வத் துறவி வியாசதீர்த்தரின் வாழ்க்கையைச் சோமநாத கவி வடமொழியில் எழுதினார். 1520-ஐ ஒட்டிய காலத்தில் வியாசதீர்த்தர் கண்ணாடி வைத்துச் சுவடி படித்ததை அந்த நூல் சொல்கிறது. ஆய்வாளர் பி. கே. கோடே இதை எடுத்துக்காட்டி, இந்திய மூக்குக்கண்ணாடியின் வரலாற்றை எழுதினார். போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்துப் பத்தாண்டுதான் ஆகியிருந்தது. கண்ணாடி அவர்கள் வழியாக வந்ததா, இங்கேயே செய்யப்பட்டதா என்ற விவாதம் அதன் பிறகும் தொடர்ந்தது.

உள்ளூரில் செய்யப்பட்டது என்பதற்குத் தஞ்சைப் பக்கம் வலுவான ஆதாரம் உண்டு. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் படிகக்கல் கிடைத்தது. (ஒரகடத்துக்கு அருகே சிப்காட் தொழிற்பேட்டை உள்ள வல்லம் வேறு.) அந்தக் கல்லை அறுத்து, இழைத்து, மெருகேற்றி மூக்குக்கண்ணாடி செய்யும் கைத்தொழில் தஞ்சையில் இருந்தது. படிகம் சாதாரணக் கண்ணாடியைவிடக் கடினமானது. எளிதில் கீறல் விழாது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற நம்பிக்கையும் அதற்கு இருந்தது. கல்லை எவ்வளவு வளைவாக இழைப்பது என்பது கைப்பழக்கம். அணிந்து பார்த்து, கையில் உள்ள ஏடு தெளிவாகத் தெரிகிற கண்ணாடியை எடுத்துக்கொள்வதே சோதனை. இன்றைய அளவுகோலில் இது கச்சா முறைதான். ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. அணிபவர் எதைப் படிக்கப் போகிறாரோ, அதை அவர் பிடிக்கும் தூரத்தில் வைத்தே கண்ணாடி தேர்வானது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1777–1832) கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடத்தி, விழிகளைப் படமாக வரைந்து பதிவேடு வைத்திருந்தவர். அந்தப் பதிவுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன.

சென்னையில் 1819-ல் கண் மருத்துவமனை தொடங்கியது. பின்னாளில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை ஆனது அதுதான். உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளின் வரிசையில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து அதைச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. படிக்கும் பொருள் ஓலையிலிருந்து அச்சுப் புத்தகமாகவும் கச்சேரிக் கோப்பாகவும் மாறியது; படிக்கும் இடம் தரையிலிருந்து மேசைக்கு ஏறியது. புத்தகம் மேசையில் கிடந்தால் கண்ணுக்கும் அதற்கும் இடையே 40 சென்டிமீட்டர் இருக்கும். விழி கீழ்நோக்கித் தாழும். தலை சற்றே குனியும். இந்த 40 சென்டிமீட்டர்தான் கண் பரிசோதனை அறையில் கிட்டத்து எழுத்து அட்டையைப் பிடிக்கும் தூரமாக நிலைபெற்றது. கிட்டத்துப் பவர் கணக்கின் அடித்தளமாக இன்றும் இருப்பது அதுவே.

மேசைக்கு ஏற்ற லென்ஸ் பைஃபோகல். பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-ல் எழுதிய கடிதத்தில் தம் இரட்டைக் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறார். மேலே தூரத்துக்கு ஒரு பாதி, கீழே படிக்க ஒரு பாதி. இரண்டு துண்டை ஒட்டாமல் ஒரே லென்ஸாக உருக்கிச் சேர்க்கும் கிரிப்டாக் 1908-ல் வந்தது. அதன் அடியில் வட்டமான சிறு பகுதி மட்டும் படிப்பதற்கு. மேல்விளிம்பு தட்டையான டி பைஃபோகலும், லென்ஸின் குறுக்கே முழுக் கோடு ஓடும் எக்ஸிக்யூட்டிவும் பின்னர் வந்தன. தமிழ்நாட்டு ஆப்டிகல் கடைகளில் கே.டி. (கிரிப்டாக்), டி, எக்ஸிக்யூட்டிவ் என்ற பெயர்களே இன்றும் வழக்கு. வாத்தியார், குமாஸ்தா, கணக்குப்பிள்ளை என்று ஒரு தலைமுறையின் முகத்தையே அந்தக் கோடு அடையாளம் காட்டியது.

பைஃபோகலின் குறை, நடுவில் ஒன்றும் இல்லாதது. 60 வயதுக்காரர் 2.50 பவரில் படித்தால் 40 சென்டிமீட்டரில் தெளிவு. மேல்பாதியில் சில மீட்டருக்கு அப்பால் தெளிவு. இடைப்பட்ட தூரம் மங்கல். கோட்டைக் கண் தாண்டும்போது எழுத்து குதிக்கும். பேரேடும் பத்திரிகையுமாக வாழ்ந்தவருக்கு இந்தக் குறை பொறுத்துக்கொள்ளக்கூடியதாகவே இருந்தது. நடுத்தூரத்தில் மணிக்கணக்காகப் பார்க்க அன்று அவருக்கு ஒன்றும் இல்லை.

கோடு இல்லாமல், மேலிருந்து கீழே பவர் மெல்ல மெல்ல ஏறும் லென்ஸுக்கு ஓவன் ஏவ்ஸ் 1907-லேயே காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு ஏற்ற வடிவம் 1959-ல்தான் வந்தது. பிரான்சில் பெர்னார் மெத்தனாஸ் உருவாக்கிய வாரிலக்ஸ் அது. ப்ராக்ரஸிவ் என்று அழைக்கப்படும் இந்த வகையின் நன்மை கண்கூடு: தூரம், நடுத்தூரம், கிட்டம் மூன்றும் ஒரே லென்ஸில். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்பதை 1963-ல் குந்தர் மின்க்விட்ஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் நிறுவினார். நடுவே ஓடும் தெளிவுப் பாதையில் பவர் எந்த வேகத்தில் ஏறுகிறதோ, அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் உருக்குலைவு ஏறும். எந்த நிறுவனமும் எந்த விலைக்கும் இந்த விதியைத் தாண்ட முடியாது. உருக்குலைவை ஓரத்துக்குத் தள்ளலாம், பரப்பி மெலிதாக்கலாம், ஒழிக்க முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கிட்டத்துக்கான கூடுதல் பவர் 2.00. அது கண்மணிக்கு நேர்ப் புள்ளியிலிருந்து 14 மில்லிமீட்டர் கீழே போவதற்குள் ஏறி முடிகிறது. அப்படியானால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பவர் 0.14 ஏறுகிறது; பக்கவாட்டில் உருக்குலைவு மில்லிமீட்டருக்கு 0.28 ஏறும். அரை டயாப்டர் வரை கண் பொறுக்கும் என்று வைத்தால், நடுப்பாதையில் தெளிவான அகலம் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். கூடுதல் பவர் பாதியானால் அகலம் இரட்டிக்கும். பாதை நீண்டால் அகலம் கூடும், ஆனால் படிக்கும் பகுதி இன்னும் கீழே போய்விடும். ப்ராக்ரஸிவ் லென்ஸின் அறுபதாண்டு வரலாறு முழுவதும் இந்தப் பேரத்துக்குள்தான் நடந்திருக்கிறது.

இந்தப் பேரத்தை அணிபவருக்குப் புரியவைத்து, அவருக்கு ஏற்றதைத் தேர்ந்து கொடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். சென்னையில் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவின் துணையோடு 1985-ல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி பிறந்தது. பார்வை அளவியலை நான்காண்டுப் பட்டப்படிப்பாக்கிய முன்னோடி நிறுவனம் அது. அதுவரை கண்ணாடிக் கடை வேலை தந்தையிடமிருந்தும் முதலாளியிடமிருந்தும் கற்கும் தொழிலாகவே இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கத் தமிழக அரசு 2009-ல் கண்ணொளி காப்போம் திட்டத்தைக் கொண்டுவந்தது.

1990-களில் அலுவலக மேசைகளில் கணினி உட்கார்ந்ததும் முதல் விரிசல் விழுந்தது. திரை 60 சென்டிமீட்டரில், செங்குத்தாக, முகத்துக்கு நேரே நின்றது. ஏறக்குறைய மணிமங்கலம் கோயில் சுவரின் நிலை. வித்தியாசம், எழுத்து சிறியது, எட்டு மணி நேரம் பார்க்க வேண்டியது. ப்ராக்ரஸிவ் லென்ஸில் முகத்துக்கு நேரே இருப்பது தூரத்துக்கான பகுதி. திரைக்கான பவர் அதற்குக் கீழே, மிகக் குறுகிய இடத்தில் இருக்கிறது. அணிந்தவர் மோவாயைத் தூக்கி, கழுத்தை மடக்கித் திரையைப் பார்த்தார். கழுத்துவலிக்கு எலும்பு மருத்துவரைத் தேடிப் போனவர்களில் சிலருக்கு வேண்டியிருந்தது வேறு கண்ணாடி. நடுத்தூரத்தை மேலே கொண்டுவந்து, தொலைதூரத்தைக் கைவிட்ட அலுவலக லென்ஸ்கள் அந்தத் தேவையில் பிறந்தன.

செல்போன் வந்தபோது முதலில் சிக்கல் தெரியவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் காலத்துப் போன் காதுக்கு உரியது. எண்ணை அழுத்தவும் குறுஞ்செய்தி படிக்கவும் மட்டும் கண்ணுக்கு வரும். 2003-ல் வெளிவந்து இந்தியா முழுதும் பரவிய நோக்கியா 1100-ன் திரையில் மொத்தமே 96-க்கு 65 புள்ளிகள். சில வரிகளுக்குமேல் அதில் அடங்காது. எழுத்தும் தடிமனாக இருந்தது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் வெள்ளெழுத்துக்காரரும் படித்துவிடலாம்.

2007-ல் ஐபோன் வந்தது. 2010-ல் அதன் நான்காம் வடிவத்தை அறிமுகம் செய்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு கணக்கைச் சொன்னார். 10 முதல் 12 அங்குலத்தில் பிடித்துப் பார்க்கும் கருவியில், அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் மனிதக் கண்ணால் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பது அது. ஆக, போன் செய்தவரின் ஊகம் 25 முதல் 30 சென்டிமீட்டர். லென்ஸ் செய்தவரின் ஊகம் 40 சென்டிமீட்டர். இரண்டு தொழில்களும் ஒன்றையொன்று கேட்காமல் வைத்துக்கொண்ட எண்கள் இவை. 2011-ல் அமெரிக்காவில் மார்க் ரோசன்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் இளைஞர்களை அளந்து பார்த்தார்கள். குறுஞ்செய்தி படிக்கும்போது சராசரி 36.2 சென்டிமீட்டர், இணையப் பக்கம் பார்க்கும்போது 32.2. சராசரியே இது என்றால், பலர் அதைவிடக் கிட்டே பிடித்தார்கள் என்று பொருள். ஓலைச்சுவடி இருந்த இடத்துக்கே எழுத்து திரும்பி வந்துவிட்டது. எழுத்தின் அளவு மட்டும் சுருங்கியிருந்தது.

தூர வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். கண்ணுக்கு அது சிறியதல்ல. 40 சென்டிமீட்டருக்கு 2.50 டயாப்டர் போதும். 30-க்கு 3.33. 20-க்கு 5. அறுபதைக் கடந்தவர் கண்ணில் குவிக்கும் திறன் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். 2.50 கூடுதல் பவர் அணிந்த அவர் போனை 30 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.83 டயாப்டர் பற்றாக்குறை. எழுத்து நிழலடிக்கும். கை நீட்டி 40-க்குக் கொண்டுபோனால் தெளிவாகும், ஆனால் எழுத்து சிறிதாகும். போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்வது இதற்குச் செலவில்லாத தீர்வு. பவரை ஏற்றிக்கொண்டே போவதைவிட நல்ல தீர்வும்கூட.

இரண்டாவது சிக்கல் உயரம். 14 மில்லிமீட்டர் கீழே உள்ள படிக்கும் பகுதியை எட்ட, விழி சுமார் 27 பாகை தாழ வேண்டும். மேசைப் புத்தகத்துக்கு விழி இயல்பாகத் தாழ்ந்தது. நின்றுகொண்டோ பேருந்திலோ போன் பார்ப்பவர் விழியைத் தாழ்த்துவதைவிடக் கழுத்தை வளைக்கிறார். தலையே குனிந்துவிட்டதால் பார்வை லென்ஸின் நடுப்பாதையிலேயே நின்றுவிடுகிறது. அங்கே பவர் பாதிதான் ஏறியிருக்கும். இதோடு நம் ஊர்ப் புழுக்கமும் சேர்கிறது. வியர்வையில் ஃப்ரேம் மூக்கிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வழுக்கினால், படிக்கும் பகுதியை எட்ட விழி 32 பாகை தாழ வேண்டியிருக்கும். புது ப்ராக்ரஸிவ் சரியில்லை என்று கடைக்குத் திரும்புபவருக்கு முதலில் பார்க்க வேண்டியது லென்ஸை அல்ல; மூக்குப் பிடியையும் காதுக் கொக்கியையும்.

படுத்துக்கொண்டு பார்ப்பது இன்னொரு நிலை. மல்லாந்து, போனை முகத்துக்கு மேலே 20, 25 சென்டிமீட்டரில் தூக்கிப் பிடித்தால், பார்வை லென்ஸின் நடு வழியாகவோ மேற்பகுதி வழியாகவோ போகும். அங்கே படிக்கப் போதுமான கிட்டத்துப் பவர் இல்லை. பைஃபோகலும் ப்ராக்ரஸிவும் இந்த நிலையில் ஒரே மாதிரி தோற்கும். முழு லென்ஸும் ஒரே பவரில் உள்ள மலிவான ரீடிங் கண்ணாடி ஜெயிக்கும்.

மூன்றாவது, இரு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பும் அளவு. பொருள் கிட்டே வர வர விழிகள் உள்நோக்கித் திரும்புகின்றன. கண்மணிகளுக்கு இடையே 64 மில்லிமீட்டர் உள்ளவர் 40 சென்டிமீட்டரில் படிக்கும்போது, பார்வை ஒவ்வொரு லென்ஸிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உள்ளே நகரும். 30 சென்டிமீட்டரில் 2.6, 20-ல் 3.8. படிக்கும் பகுதியை 2 மில்லிமீட்டர் உள்ளே வைத்துச் செதுக்கிய லென்ஸில், போனைக் கிட்டே கொண்டுவந்தால் இரு கண்ணும் தெளிவுப் பகுதியின் உள்விளிம்பை உரசும். கிட்டே பிடித்த போனில் எழுத்து மங்குவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

அகலத்தைப் பொறுத்தவரை போன் நல்ல பிள்ளை. 7 சென்டிமீட்டர் அகலத் திரையை 30 சென்டிமீட்டரில் பார்க்க, லென்ஸில் 6 மில்லிமீட்டர் அகலம் போதும். விரித்த நாளிதழின் ஒரு பக்கத்துக்கு, 40 சென்டிமீட்டரில், ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் வேண்டும். பழைய ப்ராக்ரஸிவ் லென்ஸில் நாளிதழ் படிப்பவர் வரிக்கு வரி தலையை ஆட்ட வேண்டியிருந்தது. போனுக்கு அது வேண்டாம். அகன்ற கிட்டப்பார்வைப் பகுதி என்று அதிக விலைக்கு விற்கப்படும் லென்ஸ், முக்கியமாகப் போன் மட்டும் பார்ப்பவருக்கு அவ்வளவு அவசியமில்லை. அவருக்கு வேண்டியது சரியான தூரமும் எட்டக்கூடிய உயரமும்.

இவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் செதுக்கும் வசதி 2000-ஐ ஒட்டி வந்தது. அதுவரை ப்ராக்ரஸிவ் வளைவு அச்சில் வார்க்கப்பட்டது. எல்லாருக்கும் ஒரே ஊகம். கணினி வழி நடத்தும் வைர முனை, லென்ஸின் பின்புறத்தில் புள்ளி புள்ளியாக வளைவைச் செதுக்கத் தொடங்கியதும் அது மாறியது. ஃப்ரீஃபார்ம் எனப்படும் முறை இது. ஃப்ரேமின் சாய்வு, கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி, படிக்கும் தூரம் எல்லாவற்றையும் ஆர்டரில் எழுதி அனுப்பலாம். எழுதாவிட்டால் தயாரிப்புக் கூடம் வழக்கமான சராசரியை வைத்தே செய்து அனுப்பும். கடையில் அளவெடுப்பவர் வாடிக்கையாளரின் போனை அவர் கையிலேயே கொடுத்து, வழக்கம்போல் பிடிக்கச் சொல்லி டேப்பை வைத்தால் ஒரு நிமிடத்தில் அந்த எண் கிடைத்துவிடும். வல்லத்துக் கல் கண்ணாடிக்காரர் செய்த சோதனையிலிருந்து இது அதிகம் விலகியதல்ல.

வெள்ளெழுத்து வராத இளைஞர்களுக்காக 2000-களிலும் 2010-களிலும் இன்னொரு வகை வந்தது. லென்ஸின் அடியில் அரை முதல் ஒரு டயாப்டர் வரை மட்டும் கூடுதலாக வைத்து, கண் தசையின் வேலையைக் குறைப்பது. இருபது வயதுக் கண்ணுக்குத் திறன் பற்றாக்குறை இல்லை. 20 சென்டிமீட்டரில் ஐந்து டயாப்டரை நாளெல்லாம் தாங்கிப் பிடிப்பதில்தான் களைப்பு. பவர் ஏற்றம் சிறியது என்பதால் மின்க்விட்ஸ் விதிப்படி ஓர உருக்குலைவும் சிறியது, பழகுவது எளிது. சிலருக்கு இது உண்மையான நிம்மதி தருகிறது. ஆனால் அதற்கு முன், கண்ணின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் சரியாக அளக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை, முக்கால் டயாப்டர் சிலிண்டரைச் சின்ன பவர் என்று விட்டுவிட்டு, களைப்பு நீக்கும் லென்ஸை விற்பது தலைகீழான வேலை.

ப்ளூ கட் பற்றியும் ஒரு வார்த்தை. நீல ஒளியைத் தடுத்துக் கண் களைப்பைப் போக்கும் என்று ஊருக்கு ஊர் விற்கப்படும் பூச்சு இது. 2023-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளை அலசியது. திரை பார்க்கும் களைப்பைக் குறுகிய காலத்தில் இந்த லென்ஸ்கள் சாதாரண லென்ஸைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. திரை பார்ப்பவரின் களைப்புக்குத் தூரமும் பவரும், இமைக்க மறந்து கண் உலர்வதுமே பெரிய காரணங்கள். குடும்பத்தில் நாலு பேருக்கும் ப்ளூ கட் போடச் செலவழிக்கும் பணத்தை, நாலு பேருக்கும் முழுமையான பரிசோதனைக்குச் செலவழிக்கலாம்.

2016-ல் இணையக் கட்டணம் சரிந்து, 2020-ல் பெருந்தொற்று வகுப்பறையைப் போனுக்குள் நகர்த்தியதும், தூரம் பற்றிய கேள்வி பிள்ளைகளுக்கும் வந்தது. பிள்ளைகளின் கை குட்டை. போன் இன்னும் கிட்டே. வெளியில் விளையாடும் நேரம் குறைவதும், நெடுநேரக் கிட்டத்துப் பார்வையும் மைனஸ் பவர் வளர்வதோடு தொடர்புடையவை. ஹாங்காங்கில் உருவான ஒரு லென்ஸில், நடுவே தெளிவான வட்டம். அதைச் சுற்றி 3.50 டயாப்டர் கூடுதல் பவர் கொண்ட சுமார் 400 நுண்வில்லைகள். 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டாண்டு நடந்த சோதனையில், மைனஸ் ஏறும் வேகத்தை அது பாதியளவு குறைத்ததாக 2020-ல் முடிவு வெளியானது. விலைதான் எட்டாக்கனி. அரசு வழங்கும் இலவசக் கண்ணாடியில் இப்படிப்பட்ட லென்ஸ் இடம்பெற்றால் பயன் பெறும் பிள்ளைகள் ஏராளம்.

இதே ஆண்டுகளில் மணிமங்கலத்தைச் சுற்றியுள்ள வட்டாரம் போன் உற்பத்தியின் மையமாகியது. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதன் இடத்தைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் வாங்கிச் சார்ஜர் செய்யத் தொடங்கியது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. பிள்ளைப்பாக்கத்தில் போன் முகப்புக் கண்ணாடி செய்யும் ஆலைக்கு 2024-ல் அரசுடன் ஒப்பந்தமானது. போன் 30 சென்டிமீட்டருக்குள் நெடுநேரம் இருந்தால் எச்சரிக்கும் வசதியை 2023-ல் ஆப்பிள் மென்பொருளில் சேர்த்தது. போன் செய்தவர்களும் தூரத்தை அளக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆலைகளில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். சிறு பாகங்களைப் பொருத்துவதும், திரையில் கீறல் தேடுவதும் 25, 30 சென்டிமீட்டரில் நடக்கும் வேலை. இருபது வயதுக் கண் அதைத் தாங்கும். 2006-ல் இருபது வயதில் நோக்கியா வரிசையில் நின்றவர் 2026-ல் நாற்பதை எட்டுகிறார். இந்த வட்டாரத்தின் முதல் போன் தொழிலாளர் தலைமுறைக்கு வெள்ளெழுத்து வயது வந்துவிட்டது. கண்ணாடி அவர்களின் வருமானத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், கிட்டத்துக் கண்ணாடி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 21.7 சதவீதம் அதிக விளைச்சலைக் காட்டினார்கள். தேயிலைக் கொழுந்தைவிடப் போனின் உள்பாகம் பல மடங்கு நுண்ணியது.

நாற்பதைக் கடந்த ஆலைத் தொழிலாளிக்கு ஒரே கண்ணாடியில் எல்லாம் முடியாது. பரிசோதனை மேசைக்கு, அந்த மேசையின் தூரத்தை அளந்து போட்ட ஒரே பவர் லென்ஸ் நல்லது. அகலமும் உண்டு, உருக்குலைவும் இல்லை. ஷிப்ட் பேருந்தில் ஏறி இறங்கவும் படிக்கட்டு பார்க்கவும் அது உதவாது. ப்ராக்ரஸிவின் அடிப்பகுதியும் காலடியை மங்கலாக்கும் என்பதால், புதிதாக அணிபவர் படியில் தலையை நன்றாகத் தாழ்த்திப் பார்க்கப் பழக வேண்டும். போனுக்கு 30, 35 சென்டிமீட்டரைக் கணக்கிட்டுச் செதுக்கிய ப்ராக்ரஸிவ் போதும். இரவில் படுத்துப் பார்ப்பவருக்கு மலிவான ரீடிங் கண்ணாடி ஒன்று தனியாக வேண்டும். இந்த எண்களை எல்லாம் பரிசோதனைச் சீட்டில் எழுத ஒரு வரி போதும்: வேலைத் தூரம் இவ்வளவு, போன் தூரம் இவ்வளவு.